பத்திரிகைகளோடு மல்லுக்கு நின்ற திவான்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி முதல் ராட்சதச் சரக்குக் கப்பல் வந்து நின்றது. "சான் பெர்னாண்டோ" என்பது அதன் பெயர். மறுநாள் வேலை முடிந்து, விழிஞ்ஞம் சந்திப்பில் டீ குடித்துக்கொண்டிருந்த நம் ஊர்த் தொழிலாளிகளிடையே ஒரு பேச்சு எழுந்தது. இந்தப் பாறைக் கடற்கரையில் பெரிய துறைமுகம் கட்டலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியது என்பதே அது. ஒருவர் ஒரு மந்திரியின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் வேறு ஒரு மந்திரியின் பெயரைச் சொன்னார். கடைக்காரர், வயதானவர், டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, அது பழைய திவான் சர் சி.பி.யின் யோசனை என்றார்.

அவர் சொன்னது சரிதான். 1940-களிலேயே விழிஞ்ஞத்தில் துறைமுகம் அமைக்கத் திருவிதாங்கூர் சமஸ்தானம் ஆய்வு செய்தது. அந்த வேலையை முடுக்கிவிட்டவர், நம் வடஆற்காடு வந்தவாசியில் பிறந்த சர் சி.பி. ராமசாமி அய்யர். அவர் பதவியை விட்டுப் போனதும் அந்தத் திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

துறைமுகம் மட்டுமா? நாம் ஊருக்குப் போகும் கன்னியாகுமரி சாலைக்கு அந்தக் காலத்திலேயே சிமெண்டு போட்டவர் அவர். 1938-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந்தேதி அரசு பஸ் ஓடத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். பள்ளிவாசல் மின்சாரம், திருவிதாங்கூர் சர்வகலாசாலை, ஆலுவாயில் உர ஆலை, அலுமினியத் தொழிற்சாலை என்று பட்டியல் நீளும். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் இங்கே இன்றும் பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். மீதிப் பேர், என்ன இருந்தாலும் கெட்டிக்காரர் என்று இழுக்கிறார்கள்.

இவ்வளவு செய்தவருக்கு ஏன் இந்த நிலை? அதற்கான விடையில் பாதி, அவர் பத்திரிகைகளையும் தம்மைச் சுற்றி இருந்தவர்களையும் நடத்திய விதத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ரெயில்வேயில் குமாஸ்தா வேலையும், ஒழிந்த நேரத்தில் செய்தி அனுப்பும் வேலையும் பார்க்கிறவன் என்பதால், எனக்கு அவருடைய வாழ்க்கையில் இந்தப் பக்கம்தான் அதிகமாகக் கண்ணில் படுகிறது.

பத்திரிகை ஆபீசில் தொடங்கியவர்

சி.பி. 1879-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி பிறந்தார். தகப்பனார் பட்டாபிராம அய்யரும் சட்டம் படித்தவர்தான். சென்னை பிரசிடென்சி கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டு, 1903-ல் வக்கீல் தொழிலுக்கு வந்தார். சில வருடங்களிலேயே சென்னை ஐகோர்ட்டில் பெரிய வக்கீல்களில் ஒருவராகிவிட்டார்.

அவரைப் பட்டிதொட்டி எல்லாம் அறியச் செய்தது ஒரு வழக்கு. ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை அன்னி பெசன்ட் அம்மையார் வளர்த்துவந்தார். பையனைத் திருப்பித் தரவேண்டும் என்று தகப்பனார் நாராயணய்யா வழக்குப் போட்டார். தகப்பனார் பக்கம் வாதாடியவர் சி.பி. அம்மையாரோ தமக்காகத் தாமே வாதாடினார். சென்னையில் சி.பி.க்கு வெற்றி. பிறகு லண்டன் பிரிவி கவுன்சிலில் அந்தத் தீர்ப்பு மாறியது தனிக் கதை.

கோர்ட்டில் எதிரும் புதிருமாக நின்ற இருவரும் பின்னால் ஒரே அணியில் சேர்ந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் சி.பி. முன்னணியில் நின்றார். 1917-ல் காங்கிரசின் பொதுக் காரியதரிசிகளில் ஒருவராகவும் ஆனார். அம்மையார் நடத்திய "நியூ இந்தியா" பத்திரிகைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தப் பத்திரிகை பட்ட பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். 1910-ம் ஆண்டுப் பிரஸ் சட்டப்படி சென்னை சர்க்கார் 1916-ல் அதனிடம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. கட்டினார்கள். அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 ரூபாய் கேட்டார்கள். அதையும் கட்டினார்கள். மறு வருடம் அம்மையாரையே காவலில் வைத்தார்கள். அப்போதும் பத்திரிகை நிற்கவில்லை. ஒரு சர்க்கார் நினைத்தால் பத்திரிகையை எப்படி நெரிக்க முடியும், நெரித்த பிறகு மக்கள் யார் பக்கம் போவார்கள் என்பதை சி.பி. மிக அருகில் இருந்து பார்த்தார். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்கவேண்டும்.

பிறகு அவர் சர்க்கார் பக்கம் போனார். 1920-ல் சென்னையின் அட்வகேட் ஜெனரல், 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட மெம்பர். மேட்டூர் அணைக்கும் பைக்காரா மின்சாரத்துக்கும் அந்தக் காலத்தில் அவர் பாடுபட்டார்.

திருவிதாங்கூரில்

1931 நவம்பரில் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இளம் ராஜாவுக்குச் சட்ட ஆலோசகராக சி.பி. வந்தார். 1936 அக்டோபரில் திவான் ஆனார்.

அடுத்த மாதமே, நவம்பர் 12-ந்தேதி, மகாராஜாவின் பிறந்தநாளை ஒட்டி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட எல்லா இந்துக்களுக்கும் சமஸ்தானத்தின் கோவில்கள் திறக்கப்பட்டன. நாடு முழுவதும் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டுக் கொண்டாடின. 1937 ஜனவரியில் காந்தியடிகளே நேரில் வந்து கோவில் கோவிலாகப் போனார். அந்தக் காரியத்தின் பெருமையில் சி.பி.க்குப் பங்கு உண்டு என்பதை அவருடைய எதிரிகளும் மறுப்பதில்லை. பத்திரிகைகள் தம்மைப் புகழும்போது அவற்றோடு அவருக்கு ஒரு தகராறும் இல்லை.

தகராறு 1938-ல் வந்தது.

அந்த வருடம் பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது. பட்டம் தாணுபிள்ளை அதன் தலைவர். மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்று கேட்டார்கள். திவான் மீது பல குற்றச்சாட்டுகளை அடுக்கி மகாராஜாவுக்கு ஒரு மனுவும் கொடுத்தார்கள். அதில் சி.பி.யின் சொந்த நடத்தை பற்றியும் புகார்கள் இருந்தன. காந்தியடிகளுக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொன்னதன் பேரில் வருடக் கடைசியில் மனு வாபஸ் ஆனது. ஆனால் அதற்குள் நாடு தீப்பற்றி எரிந்தது.

கோட்டயத்தில் "மலையாள மனோரமா" பத்திரிகை ஸ்டேட் காங்கிரசுக்கு ஆதரவாக எழுதிவந்தது. அதன் ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை. அவருக்குத் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு கொயிலோன் பாங்கியிலும் பொறுப்பு உண்டு. தென்னாட்டின் பெரிய பாங்கிகளில் ஒன்று அது; தமிழ்நாட்டிலும் பலர் அதில் பணம் போட்டிருந்தார்கள். 1938 ஜூனில் அந்தப் பாங்கி கதவை மூடியது. பத்திரிகையை ஒழிக்கவே திவான் பாங்கியைக் கவிழ்த்தார் என்று ஒரு கட்சி. பாங்கியின் கணக்கு வழக்கே சரியில்லை, அதற்கு அவர் என்ன செய்வார் என்று மறு கட்சி. இந்த வழக்கு இன்றும் பேச்சளவில் தீர்ந்தபாடில்லை. மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார் என்பதும், பணம் போட்ட ஏழை எளியவர்கள் தவித்தார்கள் என்பதும் மட்டும் சந்தேகம் இல்லாதவை.

செப்டம்பர் 10-ந்தேதி மனோரமாவின் லைசென்சு ரத்து செய்யப்பட்டு, அச்சகத்துக்கு சீல் வைக்கப்பட்டது. அதற்கு அவர் புதிதாக ஒரு சட்டமும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. பத்திரிகை நடத்த லைசென்சு வேண்டும் என்று 1926-லேயே இங்கே சட்டம் இருந்தது. அதற்கும் முன்பு, 1910-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி, இதே விழிஞ்ஞத்துக்குப் பக்கத்து நெய்யாற்றின்கரையில் பிறந்த "சுதேசாபிமானி" ராமகிருஷ்ணபிள்ளையை, திவான் ராஜகோபாலாச்சாரியைக் கடுமையாக எழுதியதற்காக நாடு கடத்திய சமஸ்தானம் இது. போலீசார் அவரை நம் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தத் திவானும் தமிழர்தான்.

மனோரமாக்காரர்கள் எல்லை தாண்டிப் போனார்கள். கொச்சி ராஜ்யத்துக் குன்னங்குளத்தில் அச்சடித்துச் சில மாதங்கள் தாக்குப்பிடித்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

பத்திரிகையின் வாயை அடைத்தால் ஊரின் வாய் அடைபடுமா? மனோரமாவுக்கு சீல் வைப்பதற்குப் பத்து நாள் முன்பு, ஆகஸ்டு 31-ந்தேதி, நெய்யாற்றின்கரையில் கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் என்ற இளைஞர் உள்படப் பலர் மாண்டார்கள். அக்டோபர் 23-ந்தேதி, அக்கம்மா செரியான் என்ற பெண்மணி பெருங்கூட்டத்துடன் தம்பானூரில் இருந்து கவடியார் அரண்மனை நோக்கி நடந்தார். நாம் ரெயில் இறங்கும் அதே தம்பானூர்தான். சிறையில் இருந்த தலைவர்களை அன்று விடுதலை செய்ய வேண்டியதாயிற்று.

சுற்றி இருந்தவர்கள்

சி.பி. சாதாரண மூளைக்காரர் அல்ல. குறிப்புச் சீட்டு இல்லாமல் மணிக்கணக்கில் ஆங்கிலத்தில் பேசுவார். சட்டம், சம்ஸ்கிருதம், மின்சாரம், உரம் எதைப் பற்றிப் பேசினாலும் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார். சரிகைத் தலைப்பாகையும் நீளக் கோட்டுமாக அவர் நிற்கும் படங்களைப் பார்த்தாலே அந்தத் தோரணை தெரியும். இப்படிப்பட்டவரிடம் போய், ஐயா, இது தப்பு, வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எத்தனை அதிகாரிகளுக்கு இருக்கும்?

மேலே நல்ல சேதி மட்டும் போகிற ஆபீசுகளை, குமாஸ்தா வேலை பார்க்கும் வாசகர்கள் அறிவார்கள். ஃபைலில் எழுதும்போதே மேலதிகாரியின் மனம் கோணாதபடி எழுதுவோம். கீழே இருந்து உண்மை மேலே ஏறுவதற்குள் அதன் கைகால் முறிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வெளியில் இருந்து உண்மை வருவதற்கு இருக்கும் ஒரே ஜன்னல் பத்திரிகை. சி.பி. அந்த ஜன்னலையும் சாத்திக்கொண்டார். அரண்மனையில் மகாராஜாவும் அம்மை மகாராணியும் அவரை முழுக்க நம்பினார்கள். அந்த நம்பிக்கையே அவருக்குப் பலம். அதுவே பிறகு பலவீனமாகவும் ஆயிற்று.

1942 ஆகஸ்டில் அவர் டில்லிக்குப் போய் வைசிராயின் நிர்வாக சபையில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது எந்த இலாகா தெரியுமா? செய்தி இலாகா! "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் வெடித்து காந்தியடிகள் சிறைக்குப் போன நேரம். அவரைச் சந்தித்துப் பேச சி.பி. விரும்பினார். வைசிராய் இடம் கொடுக்கவில்லை. மூன்று வாரத்துக்குள் ராஜினாமா செய்துவிட்டுத் திருவனந்தபுரம் திரும்பினார். இந்த ஒன்றை அவர் கணக்கில் வரவு வைத்துத்தான் ஆகவேண்டும்.

அமெரிக்க மாடல்

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வாசலில் நின்றது. 1946-ன் தொடக்கத்தில் சி.பி. ஒரு புதிய அரசியல் திட்டத்தை வெளியிட்டார். வயதுவந்தோர் எல்லாருக்கும் ஓட்டு. சட்டசபை முழுவதும் மக்கள் தேர்ந்தெடுப்பது. ஆனால் திவானை மட்டும் சட்டசபை அசைக்க முடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதியைப் பாராளுமன்றம் ஓட்டுப் போட்டு இறக்க முடியாதல்லவா, அதைப்போல என்று விளக்கம் சொன்னார்.

கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி நாலு வருடத்துக்கு ஒரு முறை மக்களிடம் ஓட்டுக்கு வந்து நின்றாக வேண்டும் என்பதையும், திவானை நியமிப்பவர் மகாராஜா என்பதையும் அவர் அழுத்திச் சொல்லவில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-ல் இருந்து 1945-ல் சாகும்வரை ஜனாதிபதியாக இருந்தார். போலியோவால் நடக்க முடியாதவர். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு முறை நிருபர்களைத் தம் அறைக்குள் கூப்பிட்டு, மேஜையைச் சுற்றி நிற்கவைத்துப் பேசுவார். இப்படி ஏறக்குறைய ஆயிரம் சந்திப்புகள்! தம் அனுமதி இல்லாமல் தம் வார்த்தையை அப்படியே போடக்கூடாது என்று நிபந்தனை வைப்பார். சங்கடமான கேள்வியைச் சிரித்தே மழுப்புவார். பல பத்திரிகை முதலாளிகள் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். ஆனால் நிருபர்கள் உள்ளே வருவது நிற்கவில்லை. அவர்கள் கேட்கும் கேள்வியில் இருந்தே நாட்டில் என்ன புகைகிறது என்று அவர் மோப்பம் பிடித்துக்கொள்வார். அமெரிக்காவில் இருந்து இறக்குமதி செய்வதானால் சி.பி. இதை அல்லவா முதலில் செய்திருக்கவேண்டும்!

அமெரிக்க மாடலை அரபிக்கடலில் தூக்கிப் போடுவோம் என்று ஊர் ஊராகக் கோஷம் எழுந்தது. 1946 அக்டோபரில் ஆலப்புழைப் பக்கம் புன்னப்புரையிலும் வயலாரிலும் கயிறுத் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் கிளர்ந்து எழுந்தார்கள். ராணுவச் சட்டம் போடப்பட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குக்குக் கணக்கு வித்தியாசம். நூற்றுக்கணக்கானவர்கள் என்பதே பொதுவான முடிவு. கூலி வேலைக்கு இங்கே வந்திருக்கும் நாம் அந்த ஊர்களின் வழியாகப் போகும்போது ரத்தசாட்சி மண்டபங்களைப் பார்க்கிறோம். யாருக்காக என்று கேட்காமலே கடந்து போகிறோம்.

கோப்புகளோடு டில்லிக்கு

1947 ஜூன் 11-ந்தேதி, வெள்ளைக்காரர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகிவிடும் என்று சி.பி. அறிவித்தார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரைப் பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியாக நியமித்தார். ஜூலையில் மவுண்ட்பேட்டன் பிரபுவைப் பார்க்க டில்லி போனார். போகும்போது கையில் என்ன கொண்டுபோனார் என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது. காந்தியடிகளைத் தாக்கி எழுதிய பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டிய கோப்புகள்! தம்மை எதிர்த்து எழுதிய பத்திரிகைக்கு சீல் வைத்தவர், பிறரை எதிர்த்து எழுதியதைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

ஊர் திரும்பிய கையோடு, ஜூலை 25-ந்தேதி இரவு, திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் ஒரு விழா. சி.பி. கிளம்பிப் போக எழுந்தபோது விளக்கு அணைந்தது. இருட்டில் ஒரு வாலிபர் பாய்ந்து கத்தியால் வெட்டினார். முகத்திலும் உடம்பிலும் காயம். தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் கழுத்தைக் காப்பாற்றின என்பார்கள். உயிர் தப்பியது.

வெட்டியவர் அம்பலப்புழையைச் சேர்ந்த கே.சி.எஸ். மணி. கேரள சோஷலிஸ்டுக் கட்சிக்காரர். அவரும் ஓர் அய்யர் வீட்டுப் பிள்ளை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சி.பி. மீது இருந்த கோபத்தைத் தமிழன், மலையாளி என்று பிரித்துப் பேசுகிறவர்களை இங்கே பஸ்சிலும் சந்தையிலும் இன்றும் கேட்கிறோம். சி.பி. செய்ததற்கு நாம் வெட்கப்பட வேண்டியதும் இல்லை, பெருமைப்பட வேண்டியதும் இல்லை. தென் திருவிதாங்கூரின் தமிழர்களே தனிக் காங்கிரஸ் அமைத்துத் தனிக் கோரிக்கை வைத்திருந்த காலம் அது.

படுக்கையில் இருந்தபடியே சி.பி. மகாராஜாவுக்கு யோசனை சொன்னார். ஜூலை முடிவதற்குள் திருவிதாங்கூர் இந்தியாவில் சேரச் சம்மதித்துவிட்டது. ஆகஸ்டு 19-ந்தேதி அவர் பதவியை விட்டு விலகினார். நவம்பர் 29-ந்தேதி, ஒன்பது வருடத்துக்குப் பிறகு, கோட்டயத்தில் மனோரமா மறுபடி அச்சானது. வழுதக்காட்டில் அவர் குடியிருந்த பக்திவிலாசம் மாளிகை பிறகு ரேடியோ நிலையம் ஆயிற்று.

கடைசி நாட்கள்

அதன்பிறகு 19 வருடம் அவர் உயிரோடு இருந்தார். காசி இந்து சர்வகலாசாலைக்கும் அண்ணாமலை சர்வகலாசாலைக்கும் துணைவேந்தராக இருந்தார். நேரு சர்க்கார் 1952-ல் பத்திரிகைகளின் நிலையை ஆராய ஒரு பிரஸ் கமிஷன் அமைத்தது. நீதிபதி ராஜாத்யக்ஷா தலைவர். ஜாகீர் உசேன், ஆச்சார்யா நரேந்திர தேவ், பத்திரிகை ஆசிரியர் சலபதிராவ் போன்றவர்கள் அங்கத்தினர்கள். அந்தப் பட்டியலில் சர் சி.பி. ராமசாமி அய்யரும் இருந்தார்!

கோட்டயத்தில் அன்று இதைப் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஆனால் அந்தக் கமிஷன் 1954-ல் கொடுத்த அறிக்கை நல்ல அறிக்கைதான். பத்திரிகைக்காரர்களின் சம்பளத்துக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் 1955-ல் தனிச் சட்டம் வந்தது. என்னைப்போல் வேறு இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தி அனுப்புகிறவர்களை அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை, அது போகட்டும். பத்திரிகைகளின் சுதந்திரத்தைக் காக்க ஒரு பிரஸ் கவுன்சில் வேண்டும் என்றும் கமிஷன் சொன்னது. அது 1966 ஜூலையில்தான் அமைந்தது.

அந்த வருடம் செப்டம்பரில் சி.பி. லண்டனில் இருந்தார். வயது 86. 26-ந்தேதி காலையில் நேஷனல் லிபரல் கிளப்பில் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், பேச்சின் நடுவே அப்படியே சாய்ந்தார். உயிர் போய்விட்டது. 56 வருடம் முன்பு சுதேசாபிமானியின் ஆசிரியரைத் திருவிதாங்கூர் எல்லை கடத்தியதும் இதே தேதியில்தான்.

கடைசியாக அவர் பேசிக்கொண்டிருந்தது ஒரு பத்திரிகை நிருபரிடம்.